சேர்த்த படமும் எண்ணிய மரமும்

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2இன் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவின் தென்பகுதியில் தொடர்பை இழந்தது. பத்து நாள் கழித்து நாசாவின் எல்.ஆர்.ஓ. சுற்றுக்கலம் அந்தப் பகுதிக்கு மேலே பறந்து படமெடுத்தது. மாதக் கடைசியில் படம் பொதுவில் வெளியானபோதும் விக்ரம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சென்னையில் பொறியாளராக இருந்த சண்முக சுப்பிரமணியன் அந்தப் படத்தையும் அதே இடத்தின் பழைய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துருவினார். பழையதில் இல்லாத ஒரு வெண்புள்ளி புதியதில் இருந்தது. நாசாவுக்கு எழுதினார். அக்டோபரிலும் நவம்பரிலும் எடுத்த கூடுதல் படங்களோடு ஒப்பிட்ட பிறகு, டிசம்பர் 2 அன்று நாசா அதை உறுதிசெய்தது. மோதிய இடத்திலிருந்து வடமேற்கே சுமார் 750 மீட்டர் தள்ளி விழுந்து கிடந்த விக்ரமின் சிதறல் அது.

அவர் கண்டது ஒரே ஒரு பிக்சல். தனியாக அந்தப் பிக்சலுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. பக்கத்தில் இன்னொரு படம் இருந்ததால்தான் அது சாட்சியாகியது.

தொலையுணர்வுத் துறையின் இரண்டு பெரிய கேள்விகள் இந்தச் சம்பவத்துக்குள் அடங்கியிருக்கின்றன. வெவ்வேறு கருவிகள், வெவ்வேறு நேரங்களில், வெவ்வேறு தெளிவில் எடுத்த படங்களை எப்படிச் சேர்ப்பது? சேர்த்த படத்தில் மரம், வீடு, படகு, வாகனம் போன்ற தரைப்பொருள்களை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலாவதைப் படிம இணைவு என்றும் இரண்டாவதைப் பொருள் கண்டறிதல் என்றும் பாடநூல்கள் தனித்தனி அத்தியாயங்களில் வைக்கின்றன. அந்தப் பிரிவினைதான் இந்தத் துறைக்கு நேர்ந்த பெரிய இடைஞ்சல். படத்தை அழகாக்கும் கலையில் ஆய்வாளர்கள் செலவிட்ட உழைப்பில் பாதியையாவது அந்தப் படத்தை வைத்து எண்ணியது சரியா என்று பார்ப்பதில் செலவிட்டிருந்தால், இன்று நம் கையில் இருக்கும் வரைபடங்கள் இன்னும் நம்பத்தக்கவையாக இருந்திருக்கும்.

படங்களைச் சேர்க்க வேண்டிய தேவை ஏன் வந்தது? செயற்கைக்கோள் கேமராவுக்கு வந்து சேரும் ஒளி அளவானது. அதை நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு என்று பிரித்து வாங்கினால் ஒவ்வொரு அலைப்பட்டைக்கும் கிடைப்பது கொஞ்சமே. அந்தக் கொஞ்ச ஒளியில் இரைச்சல் இல்லாத அளவீடு வேண்டுமென்றால், ஒரு பிக்சல் தரையில் பெரிய சதுரத்தை அடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நிறம் பிரிக்காமல் அகலமான ஒரே பட்டையாக ஒளியை அள்ளிக்கொண்டாலோ சிறிய சதுரத்துக்கே போதுமான ஒளி கிடைத்துவிடும். இதனால்தான் பல செயற்கைக்கோள்கள் ஒரே இடத்தை இரண்டு விதமாகப் பார்க்கின்றன: கூர்மையான கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று, மங்கலான பலநிறப் படம் ஒன்று. முதலாவது பான்குரோமாட்டிக், துறையினர் வாயில் சுருக்கமாக ‘பான்’. 2014 ஆகஸ்டில் ஏவப்பட்ட வேர்ல்ட்வியூ-3 செயற்கைக்கோளில் பான் படத்தின் தெளிவு 31 சென்டிமீட்டர், நிறப் படத்தின் தெளிவு 1.24 மீட்டர். ஒரு நிறப் பிக்சலுக்குள் பதினாறு பான் பிக்சல்கள் உட்காரும்.

இதில் சிக்கனமும் உண்டு. நான்கு நிறப்பட்டைகளையும் பான் அளவுக்கே கூர்மையாக எடுத்தால், அந்த ஒரு சதுரத்துக்கு 64 எண்களைத் தரைக்கு அனுப்ப வேண்டும். பானில் 16, நிறத்தில் 4 என்று எடுத்தால் 20 போதும். மீதி வேலையைத் தரையில் இருக்கும் கணினி பார்த்துக்கொள்ளும். இந்த வேலைக்குப் பான்ஷார்ப்பனிங் என்று பெயர்.

இந்தியாவுக்கு இது 1995லேயே கைவந்த கலை. அந்த ஆண்டு டிசம்பர் 28 அன்று பைகோனூரிலிருந்து ரஷ்ய ராக்கெட்டில் சென்ற ஐ.ஆர்.எஸ்-1சி, 5.8 மீட்டர் பான் கேமராவையும் 23.5 மீட்டர் லிஸ்-3 நிறக் கேமராவையும் சேர்த்துச் சுமந்தது. அந்தக் காலத்துக் குடிமைச் செயற்கைக்கோள்களில் மிகக் கூர்மையான கண்களில் ஒன்று அது. பானையும் லிஸ்-3ஐயும் சேர்த்த ‘மெர்ஜ்டு’ படம், நிலப்பயன்பாட்டு வரைபடம் போடும் அலுவலகங்களில் அன்றாடப் பொருளாயிற்று. பின்னால் 2003இல் ரிசோர்ஸ்சாட்-1இன் 5.8 மீட்டர் லிஸ்-4 நிறப் படமும், 2005 மே மாதம் கார்ட்டோசாட்-1இன் 2.5 மீட்டர் பான் படமும் வந்தன. இவ்விரண்டையும் மெர்ஜ் செய்த படங்களை அடித்தளமாக வைத்துத்தான் ஐதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையம் கிராம அளவிலான திட்டமிடலுக்கு 1:10,000 அளவு வரைபடங்களைத் தயாரித்தது. ஊராட்சியின் குளமும் வண்டிப்பாதையும் தெரியும் நிலையை இந்தச் சேர்மானம்தான் கொண்டுவந்தது.

சேர்ப்பதற்கு வழிகள் பல. பழைய வழிகளில் எளிமையானது, நிறப் படத்தை ஒளிச்செறிவு, வண்ணம், வண்ணச் செறிவு என்று மூன்றாகப் பிரித்து, ஒளிச்செறிவை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் பானை வைத்து மறுபடி கட்டுவது. கோடாக் நிறுவனத்தார் 2000இல் காப்புரிமை பெற்ற கிராம்-ஷ்மிட் முறையும் அடிப்படையில் இதே குடும்பம்தான். மென்பொருள்களில் ஒரு பொத்தானாகவே அமர்ந்துவிட்டதால் உலகமெங்கும் பரவியது. இன்னொரு குடும்பம், பான் படத்திலிருந்து விளிம்புகளையும் நுண்விவரங்களையும் மட்டும் வடித்தெடுத்து நிறப் படத்தில் ஏற்றுவது. முதல் குடும்பத்தின் படம் பார்க்கக் கூர்மையாக இருக்கும், நிறம் பிசகும். இரண்டாவது நிறத்தைக் காக்கும், விளிம்பில் சில சமயம் நெளிவு தட்டும்.

நிறம் ஏன் பிசகுகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 1999 செப்டம்பரில் ஏவப்பட்ட ஐகோனோஸின் பான் பட்டை 0.45 மைக்ரோமீட்டரில் தொடங்கி 0.90 வரை நீள்கிறது. அதாவது நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பும் அதற்குள் அடக்கம். பச்சை இலை அந்த ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பும். ஆகவே பான் கேமராவுக்கு ஒரு தோப்பு பளிச்சென்று தெரியும். சிவப்பு, பச்சை, நீலத்தில் மட்டும் பார்க்கும் கேமராவுக்கு அதே தோப்பு இருண்டிருக்கும். பின்னதன் ஒளிச்செறிவைத் தூக்கிவிட்டு முன்னதை வைத்தால் தோப்பு வெளிறிப்போகிறது. வீட்டுக்கூரைக்கு ஒன்றும் ஆவதில்லை, வயலும் மரமும்தான் கெடுகின்றன. லேண்ட்சாட்-7இன் பான் பட்டையும் 0.52 முதல் 0.90 வரை நீண்டிருந்தது. 2013 பிப்ரவரியில் ஏவப்பட்ட லேண்ட்சாட்-8இல் அதை 0.50 முதல் 0.68 வரை என்று குறுக்கிவிட்டார்கள். பச்சைக்கும் வெற்றுநிலத்துக்கும் இடையிலான வேறுபாடு பான் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது நோக்கம். கணினியில் செய்யும் ஆயிரம் திருத்தத்தைவிடக் கருவியில் செய்த ஒரு திருத்தம் பெரிது.

சேர்த்த படம் நல்ல படமா என்று சொல்வது எப்படி? ஒப்பிடுவதற்கு உண்மையான கூர்மையான நிறப் படம் எங்கும் இல்லை. இருந்தால் சேர்க்கவே வேண்டியதில்லை. இந்த முட்டுச்சந்துக்கு 1997இல் பிரான்ஸின் லூசியன் வால்டும் அவர் கூட்டாளிகளும் ஒரு வழி சொன்னார்கள். பான், நிறம் இரண்டையும் வேண்டுமென்றே மங்கலாக்கு, மங்கலானவற்றைச் சேர், கிடைத்ததை மூல நிறப் படத்தோடு ஒப்பிடு. எளிய, நேர்மையான யோசனை. வால்ட் நெறிமுறை என்ற பெயரில் இன்றுவரை துறையின் அளவுகோல் இதுதான். 2016இல் நேப்பிள்ஸ் ஆய்வாளர்கள் மூன்றே அடுக்கு கொண்ட ஒரு நரம்பு வலையமைப்பால் பழைய முறைகளை விஞ்சிக் காட்டியபோது, அதைப் பயிற்றுவித்ததும் இதே வழியில்தான். அதற்குப் பின் ஆழ்கற்றல் முறைகள் வரிசை கட்டி வந்துவிட்டன.

ஆனால் இந்த அளவுகோலுக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: மங்கலான அளவில் நன்றாக வேலை செய்வது கூர்மையான அளவிலும் அப்படியே செய்யும் என்பது. நான்கு மீட்டரில் ஒரு வீதி வெறும் கோடு. ஒரு மீட்டரில் அதே வீதியில் வண்டியும் நிழலும் மரக்கிளையும் உண்டு. மங்கலில் கற்றது இந்தச் சின்னப் பொருள்களைப் பார்த்ததே இல்லை. நம் நோக்கமோ பெரும்பாலும் அந்தச் சின்னப் பொருள்களைக் கண்டுபிடிப்பதுதான். ஆய்விதழ்களில் வரும் கட்டுரைகளைப் புரட்டினால், ஒரு முறை இன்னொன்றை மூன்றாவது தசமத்தில் வென்ற அட்டவணைகள் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். அந்தப் படத்தில் மரம் எண்ணினால் எத்தனை தப்பும் என்ற ஒரு வரி கிடைப்பது அரிது.

எண்ணியவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் வேலைதான் இந்தத் துறையின் உண்மையான சாதனை.

2012இல் பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வு நிறுவனத்தின் பீட்டர் ஃப்ரெட்வெல் குழு பேரரசப் பெங்குயின்களை வானிலிருந்து எண்ணியது. பனியின் மேல் நிற்கும் பறவை கருநிறம், அதன் நிழலும் கருமை, எச்சம் பழுப்பு. கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் இருந்தால் பறவையும் எச்சமும் நிழலும் ஒன்றோடொன்று குழம்பும். நிறப் படம் மட்டும் இருந்தால் கூட்டம் முழுவதும் ஒரே கறையாகிவிடும். பான்ஷார்ப்பன் செய்த படத்தில் பனி உட்பட நான்கையும் பிரிக்க முடிந்தது. 46 கூட்டங்களில் சுமார் 5,95,000 பறவைகள் என்று கணக்கு வந்தது. அதுவரை நம்பப்பட்ட எண்ணிக்கை ஏறக்குறைய அதில் பாதி. சில கூட்டங்களை நேரிலும் விமானப் படத்திலும் எண்ணிச் சரிபார்த்திருந்ததால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

2020இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் பிராண்ட், நாசாவின் காம்ப்டன் டக்கர் முதலானோர் மேற்கு ஆப்பிரிக்காவின் சஹாரா, சாஹேல் பகுதிகளில் 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மரம் மரமாக எண்ணினார்கள். பாலைவனம் என்று ஒதுக்கிய நிலத்தில் 180 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் நின்றன. பதினோராயிரத்துக்கும் அதிகமான படங்கள். அரை மீட்டர் தெளிவு. வலையமைப்புக்கு அவர்கள் கொடுத்தது அழகான வண்ணப் படத்தையல்ல. பானின் கூர்மையையும், சிவப்பையும் அகச்சிவப்பையும் வைத்துக் கணக்கிடும் பசுமைக் குறியீட்டையும்தான் கொடுத்தார்கள். மரத்தைக் கண்டுபிடிக்க எது வேண்டுமோ அது மட்டும். அதைவிட முக்கியம், பயிற்சிக்காகச் சுமார் 90,000 மரங்களை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றி வரைந்தவர் பிராண்ட். உலகத்தின் எந்தக் கணினியும் அந்த உழைப்புக்கு மாற்றாகாது.

அதே பிராண்டின் பங்கேற்போடு இந்தியாவைப் பற்றி 2024இல் வந்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. ரேப்பிட்ஐ, பிளானெட்ஸ்கோப் செயற்கைக்கோள்களின் மூன்று முதல் ஐந்து மீட்டர் படங்களை வைத்து, வயல்வெளிகளில் நிற்கும் சுமார் 60 கோடி மரங்களை அவர்கள் குறித்தார்கள். 2010-11இல் நின்ற பெருமரங்களில் ஏறத்தாழ 11 விழுக்காடு 2018க்குள் இல்லாமல் போயிருந்தது. 2018க்கும் 2022க்கும் இடையில் மட்டும் 50 லட்சத்துக்கு மேற்பட்ட பெருமரங்கள் மறைந்தன. வேம்பு, இலுப்பை, நாவல், பலா என்று உழவர் நிழலுக்கும் பழத்துக்கும் வைத்த மரங்கள் அவை. தனித்தனி மரத்தின் கணக்கு, காடுகளின் பரப்பை மட்டும் அளக்கும் எந்த அறிக்கையிலும் வராது. இத்தகைய ஆய்வுகள் பெருக வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

வானிலிருந்து மரம் பார்ப்பதில் நாம் புதியவர்களும் அல்ல. இந்தியத் தொலையுணர்வின் தந்தை எனப்படும் பி.ஆர். பிஷாரட்டி 1970 வாக்கில் கேரளத் தென்னைகளின் வேர்வாடல் நோயை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் பிடித்தார். இந்த நாட்டில் இத்துறை தொடங்கியதே நோயுற்ற மரத்தைக் கண்டுபிடிப்பதில்தான்.

இன்று அந்த வேலையைச் செய்யும் வலையமைப்புகள் தெருவில் எடுத்த புகைப்படங்களுக்காக உருவானவை. அவற்றை அப்படியே வானுக்கு ஏற்ற முடியாது. தெருப் படத்தில் மனிதன் நின்றுகொண்டிருப்பான். வானப் படத்தில் மேல் கீழ் கிடையாது. துறைமுகத்தில் சாய்வாக, ஒட்டி ஒட்டி நிற்கும் கப்பல்களுக்கு நேரான செவ்வகம் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சாய்வுக்கேற்பச் சுழலும் செவ்வகம் வேண்டும். 2018இல் வூஹான் பல்கலைக்கழகத்தார் தலைமையில் வெளியான டோட்டா தரவுத்தொகுப்பு இதைத்தான் செய்தது: 2,806 படங்கள், 15 வகைப் பொருள்கள், 1,88,282 அடையாளக் குறிகள், எல்லாமே சுழலும் பெட்டிகள். அளவும் ஒரு சிக்கல். 30 சென்டிமீட்டர் படத்தில் ஒரு கார் ஏறக்குறைய பதினைந்துக்கு ஆறு பிக்சல். வேர்ல்ட்வியூ-3 ஒரே ஓட்டத்தில் 13 கிலோமீட்டர் அகலம் பார்க்கும். அதாவது குறுக்கே 40,000 பிக்சலுக்கு மேல். அவ்வளவு பெரிய படத்தைத் துண்டு போட்டுத்தான் வலையமைப்புக்கு ஊட்ட முடியும். துண்டின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட வீடு இரண்டு வீடாகக் கணக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்வதே தனி வேலை.

நிலம் மாறினால் பாடமும் மாறுகிறது. கூகுள் 2021இல் ஆப்பிரிக்காவின் 51.6 கோடி கட்டடங்களை 50 சென்டிமீட்டர் படங்களிலிருந்து குறித்து வெளியிட்டது. பின்னால் தெற்காசியா உள்ளிட்ட பகுதிகளையும் சேர்த்து 180 கோடியாக விரிந்தது. மண்ணின் நிறத்திலேயே கூரை இருக்கும் இடங்களில் வீடும் தரையும் பிரிந்து தெரியாமல் போவதை அந்தக் குழுவே பதிவு செய்திருக்கிறது. வெயிலில் வெளுத்த கீற்றுக் கூரைக்கும் இதே கதிதான். கான்கிரீட் மாடியைக் கண்டுபிடிக்கும் வலையமைப்பு குடிசையைத் தவறவிட்டால், புயல் நிவாரணக் கணக்கில் முதலில் விடுபடுவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஓடும் பொருள்களுக்கு இன்னொரு சங்கடம். செயற்கைக்கோளின் பட்டைகள் எல்லாம் ஒரே கணத்தில் படமெடுப்பதில்லை. கண்ணிமைக்கும் இடைவெளி இருக்கும். நிலைத்து நிற்கும் கட்டடத்துக்கு அதனால் பாதகமில்லை. ஓடும் லாரியின் கூர்மையான உருவம் பானில் ஓரிடத்திலும், அதன் நிறம் சற்றுத் தள்ளி இன்னோரிடத்திலும் விழும். சேர்த்த படத்தில் லாரிக்கு ஒரு வண்ணப் பேய் துணையாக வரும். 2023 பிப்ரவரியில் அமெரிக்க வான்வெளியில் சுட்டு வீழ்த்தப்பட்ட சீனப் பலூனை, பிளானெட் நிறுவனத்தின் பழைய படங்களில் பின்னோக்கித் தேடியவர்களுக்குக் கைகொடுத்தது இந்தக் குறைதான். பலூன் அந்தப் படங்களில் சிவப்பு, பச்சை, நீலம் என்று அடுத்தடுத்த வட்டங்களாகப் பிரிந்து தெரிந்தது. அந்த உருவத்தை மாதிரியாகக் கொடுத்துத்தான் கணினியைத் தேட விட்டார்கள். பட்டைகளை ஒழுங்காக ஒட்டி, பேயை அழித்து, படத்தை ‘சுத்தம்’ செய்திருந்தால் தடயமும் அழிந்திருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் சூரிய ஒளியை நம்பிய படங்கள். மேகம் வந்தால் அத்தனையும் குருடு. வடகிழக்குப் பருவமழையில் காவிரி டெல்டாவின் சம்பா பயிரைப் பார்க்க ஒளிப்படக் கேமராவால் ஆகாது. அங்கே ரேடார்தான் கதி. நடவு முடிந்த வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும். ரேடார் அலை அந்தப் பரப்பில் பட்டு வேறு திசைக்குத் தெறித்துப்போவதால் வயல் கறுப்பாகத் தெரியும். பயிர் வளர வளர, அலை தாளிலும் தண்ணீரிலும் மோதித் திரும்பி வருவதால் வயல் வாரத்துக்கு வாரம் வெளுத்துக்கொண்டே போகும். கறுத்துப் பின் வெளுக்கும் இந்த வரிசைதான் நெல்லின் கையொப்பம். கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு இணைந்து ரைஸ் திட்டத்தில் இப்படித்தான் நெற்பரப்பை அளந்தது. 2014இல் ஐரோப்பாவின் சென்டினல்-1 வந்த பிறகு அதற்கான படங்கள் இலவசமாகவே கிடைத்தன. ஒரு தேதியின் படம் இங்கே பயன்படாது. பல தேதிகளின் படங்களைச் சேர்த்தால்தான் பயிர் தெரியும். படிம இணைவு என்ற சொல்லுக்குள் பான்ஷார்ப்பனிங்கை மட்டும் அடைத்து வைப்பது எவ்வளவு குறுகிய பார்வை என்பதற்கு ஒரு டெல்டா வயலே போதும்.

ரேடாரையும் ஒளிப்படத்தையும் ஒன்றாகச் சேர்ப்பதோ படாத பாடு. ரேடார் சாய்ந்து பார்த்துத் தூரத்தை அளக்கிறது. உயரமான கட்டடத்தின் உச்சி, அடிவாரத்தைவிடக் கருவிக்குக் கிட்டத்தில் இருப்பதால், படத்தில் கட்டடம் கருவியின் பக்கமாகச் சாயும். ஒளிப்படத்திலோ எதிர்ப்பக்கம் சாயும். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஒரே மாடிக்கட்டடத்தின் உச்சி இரண்டு இடத்தில் நிற்கும். பிக்சலுக்குப் பிக்சல் ஒட்டும் முயற்சி அங்கே தோற்றுவிடுகிறது. 2020இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்தை வைத்து நடந்த ஸ்பேஸ்நெட்-6 போட்டி இதற்கு நல்லதொரு மாற்று வழி காட்டியது. 120 சதுர கிலோமீட்டர், சுமார் 48,000 கட்டடங்கள். பயிற்சியில் ரேடார், ஒளிப்படம் இரண்டையும் கொடுத்தார்கள். தேர்விலோ ரேடார் மட்டும். மேகம் மூடிய நாளில் உண்மையில் கிடைப்பது அதுதானே. ஒளிப்படத்திலிருந்து கற்றதை ரேடாருக்கு மாற்றிக்கொண்டவர்களுக்குப் பலன் கிடைத்தது. படத்தோடு படம் ஒட்டாமல், பாடத்தோடு பாடம் சேர்ந்த இணைவு அது.

2023 பிப்ரவரி 6 துருக்கி நிலநடுக்கத்தின்போது, சேதமடைந்த கட்டடங்களைச் செயற்கைக்கோள் படத்தில் கண்டுபிடிக்கும் எக்ஸ்வியூ-2 மென்பொருளை மீட்புப் பணியாளர்கள் பயன்படுத்தினார்கள். மேலிருந்து பார்க்கும் படத்துக்கு அங்கே ஓர் எல்லை உண்டு. தளங்கள் ஒன்றின் மேல் ஒன்று அப்பளமாக நொறுங்கி, மொட்டைமாடி மட்டும் முழுசாக உட்கார்ந்திருந்தால், வானத்துக்கு அந்த வீடு நல்ல வீடு. முன்னும் பின்னும் எடுத்த ரேடார் அலைகளை ஒப்பிட்டால் கட்டடம் மாறியது தெரிய வாய்ப்புண்டு. உயிர் காக்கும் வேலையில் இந்த இரண்டு சாட்சியமும் தனித்தனியாக அதிகாரியின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரே படமாகக் குழைத்துக் கொடுத்தால் எது யார் சொன்னது என்பதே மறைந்துபோகும்.

தனித்தனியே கண்டு, முடிவில் மட்டும் சேர்ப்பதற்கு இதுவரை வந்தவற்றில் மிகச் சிறந்த உதாரணம் கடலில் இருக்கிறது. 2024 ஜனவரியில் குளோபல் ஃபிஷிங் வாட்ச் குழு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, 2017 முதல் 2021 வரை சென்டினல்-1 ரேடாரில் தெரிந்த கப்பல்களை, அவை தாங்களே ஒலிபரப்பும் அடையாளச் சமிக்ஞையோடு பொருத்திப் பார்த்தது. கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகளையும் காற்றாலைகளையும் பிரித்தறிய சென்டினல்-2 ஒளிப்படங்கள் உதவின. முடிவு அதிரவைத்தது: உலகின் தொழில்முறை மீன்பிடிக் கப்பல்களில் 72 முதல் 76 விழுக்காடு பொதுவில் தெரியும் கண்காணிப்பில் இல்லை. ஆப்பிரிக்காவையும் தெற்காசியாவையும் சுற்றிய கடல்கள் அதில் முன்வரிசையில் நின்றன. ஆனால் 15 மீட்டருக்குக் குறைவான படகுகளில் பெரும்பாலானவை இந்த ரேடாருக்குத் தட்டுப்படாது. நம் கரையில் ஃபைபர் படகிலும் வள்ளத்திலும் போகிறவர்கள் இந்த வரைபடத்தில் இல்லை. கடல் வளத்தைப் பற்றி இந்த வரைபடத்தை விரித்துவைத்துப் பேசுகிறவர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாள்தோறும் பார்க்கும் மங்கலான கருவியையும் அரிதாகப் பார்க்கும் கூர்மையான கருவியையும் சேர்ப்பது இன்னொரு கிளை. 2006இல் நாசாவில் உருவான ஸ்டார்எஃப்எம் முறை, மோடிஸ் கருவியின் அன்றாடப் படத்தையும் 16 நாளுக்கு ஒருமுறை வரும் லேண்ட்சாட் படத்தையும் வைத்து, லேண்ட்சாட் வராத நாளின் படத்தை ஊகித்துத் தந்தது. பயிர் நிதானமாக வளரும் நிலத்தில் அது நன்றாகவே ஊகித்தது. இடையில் ஒரு நாள் அறுவடை நடந்துவிட்டாலோ, வெள்ளம் புகுந்துவிட்டாலோ ஊகம் தடுமாறும். இன்றைய ஆழ்கற்றல் முறைகளின் ஆபத்து இதைவிடப் பெரிது. பழைய முறை தவறினால் நிறம் வெளிறும், விளிம்பு நெளியும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். புதிய வலையமைப்பு தவறினால், இல்லாத வீட்டுக்கு நேர்த்தியான சுவர் எழுப்பிக் கொடுத்துவிடும். கண்ணுக்கு அது தவறாகவே தெரியாது. நீதிமன்றத்தில் ஆக்கிரமிப்பு வழக்குக்கும், பயிர்க் காப்பீட்டுத் தொகைக்கும் சான்றாகப் போகும் படத்தில் இதை அனுமதிக்கவே கூடாது. மூலப் படங்களைக் கூடவே இணைக்காத எந்தச் சேர்த்த படமும் சான்றாகாது என்பதை நடைமுறை விதியாக்க வேண்டும்.

இனிப் படங்களுக்குப் பஞ்சம் இருக்காது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நைசார், நாசாவின் எல் பட்டை ரேடாரையும் இஸ்ரோவின் எஸ் பட்டை ரேடாரையும் ஒரே கலத்தில் சுமக்கிறது. நீண்ட அலை இலைத்தழைக்குள் ஊடுருவும், குட்டை அலை மேலாகவே திரும்பும். இரண்டையும் சேர்க்கும் வாய்ப்பு கருவியிலேயே அமைந்துவிட்டது. 2023 இந்திய விண்வெளிக் கொள்கை, ஐந்து மீட்டரும் அதற்கு மேற்பட்ட அளவும் கொண்ட இந்தியத் தொலையுணர்வுப் படங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடச் சொல்கிறது. 2021இன் புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள் வரைபடத் தடைகளைப் பெருமளவு தளர்த்திவிட்டன.

பஞ்சம் அடையாளக் குறிகளுக்குத்தான். டோட்டாவின் பதினைந்து வகைகளில் பேஸ்பால் மைதானமும் நீச்சல்குளமும் உண்டு. பனைமரம் இல்லை. மேலிருந்து நட்சத்திரமாய் விரிந்து நீண்ட ஒற்றை நிழல் விழும் பனை, ஒரு வலையமைப்புக்குக் கற்றுக்கொடுக்க எளிதான மரங்களில் ஒன்று. கோடையிலும் பச்சையாக நிற்கும் சீமைக் கருவேலத்தைப் பல மாதப் படங்களைச் சேர்த்தால் மற்ற புதர்களிலிருந்து பிரித்துவிடலாம். கண்மாய்க் கரை, மடை, உப்பளப் பாத்தி, கீற்றுக் கொட்டகை, கரையில் ஏற்றி வைத்த வள்ளம் என்று நம் நிலத்துக்கே உரிய பொருள்களுக்கு, நேரில் போய்ப் பார்த்துச் சரிபார்த்த, யாரும் எடுத்துப் பயன்படுத்தத்தக்க தரவுத்தொகுப்பு வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல், வேளாண், புவியியல் துறைகளில் ஆண்டுதோறும் ஆய்வேடு எழுதும் மாணவர்கள் ஒவ்வொருவரும் தம் ஊரைச் சுற்றி ஆயிரம் பனையைக் குறித்துக் கொடுத்தால் போதும். அப்படியொரு தொகுப்பு சில ஆண்டுகளில் உருவாகிவிடும். இன்னொரு பான்ஷார்ப்பனிங் முறையை மூன்றாவது தசமத்தில் வெல்லும் தலைப்பை எடுத்து வரும் மாணவரிடம், ‘இந்தப் படத்தில் எண்ணிக் காட்டு, பிறகு களத்துக்குப் போய் எண்ணிப் பார்’ என்று வழிகாட்டிகள் சொல்ல வேண்டும்.